மண்டபத்தோடு முடிந்த சாலை: ராமநாதபுரம் கடற்கரையின் வண்டிக் கதை

கீழக்கரைத் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ராமேஸ்வரம் தீவுக்கு 1988 வரை சாலையே கிடையாது என்றால், அதற்கு முன்னால் அங்கே கார் எப்படிப் போனது? மதுரை, சென்னைக் கதையைத் தவிர நம் கடற்கரைக்கென்று தனியாக ஒரு வண்டி வரலாறு உண்டா? தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்று வீட்டுக் கொட்டகையில் இருபது வருடமாக நிற்கிறது, அதை மறுபடி ஓட வைக்க முடியுமா?

கார் ரயிலேறிப் போனது. தனி வரலாறு நிச்சயம் உண்டு. ஹெரால்டு ஓடும். இந்த மூன்று பதிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மண்டபத்துக்காரன், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற கடைசி ஊர் அது. 1958ல் பிறந்தவன். அப்பா வாடகைக் கார் ஓட்டினார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கார் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் ஊர்ப்பெயர் எழுதத் தெரிவதற்கு முன்பே எஞ்சின் சத்தத்தை வைத்து இது மோரிஸ், இது பியட் என்று சொல்வேன். ஒரு சின்னக் கடற்கரை ஊரில் வளர்ந்த பையனுக்கு அத்தனை கார்களைப் பார்க்க எப்படி வாய்த்தது என்று கேட்டால், அதற்குக் காரணம் அந்த இல்லாத சாலைப் பாலம்தான்.

பாம்பன் ரயில் பாலத்தை 1914 பிப்ரவரி 24ல் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். நடுவில், கப்பல் வந்தால் இரண்டு கையையும் தூக்குவது போலத் திறந்து வழி விடும் ஷெர்சர் தூக்குப் பாலம். அதே வருடம் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும் ஓட ஆரம்பித்தது. ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று சென்னையிலிருந்து கொழும்பு வரை போகலாம். அதைத்தான் போட் மெயில் என்றார்கள். ஆனால் காரில் வந்தவனுக்குச் சாலை மண்டபத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கடல். சாலைப் பாலத்துக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது 1974ல். ராஜீவ் காந்தி திறந்து வைத்தது 1988 அக்டோபர் 2ல். ரயில் கடலைத் தாண்டியதற்கும் கார் தன் சக்கரத்திலேயே தாண்டியதற்கும் நடுவில் 74 வருடம். நம் கரையின் வண்டி வரலாறு என்று நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த 74 வருடத்துக்குள் இருக்கிறது.

காசிக்குப் போனவர்கள் ராமேஸ்வரம் வராமல் யாத்திரையை முடிக்க மாட்டார்கள். அதனால் தென்னாட்டில் கார் வைத்திருந்த குடும்பம் என்றாவது ஒருநாள் மண்டபம் வரத்தான் செய்யும். வந்து, வண்டியை மரத்தடியில் நிறுத்தி, டிரைவரைக் காவலுக்கு வைத்துவிட்டு, சாமான்களோடு ரயிலேறும். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடி சங்கமத்தையும் பார்த்துத் திரும்ப இரண்டு நாளாகும், மூன்று நாளும் ஆகும். அதுவரை கார் மண்டபத்தில். கேரளா நம்பர், மைசூர் நம்பர், ஆந்திரா நம்பர் என்று வரிசையாக நிற்கும். எங்கள் ஊரில் கிழவிகள் அன்று காரைக் கார் என்று சொல்ல மாட்டார்கள், பிளசர் என்பார்கள். "பிளசர் நாலு வந்து நிக்குதுடா" என்று யாராவது சொன்னால் போதும், சோற்றை வைத்துவிட்டு ஓடுவேன்.

அந்த டிரைவர்கள்தான் என் வாத்தியார்கள். வேலையில்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேச ஆள் வேண்டும். பேனட்டைத் திறந்து கார்புரேட்டர் எது, டைனமோ எது, பிளாட்டினம் பாயிண்டை எப்படித் தேய்ப்பது என்று காட்டுவார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் ஹாரன் அடிக்க விடுவார்கள். நான் அவர்களிடம் முதலில் கற்ற பாடம் இது: காலையில் எழுந்ததும் கண்ணாடியை வறண்ட துணியால் துடைக்கக்கூடாது. இரவு முழுக்கக் கடற்காற்று கொண்டுவந்து பூசிய உப்பு மாவு போலப் படிந்திருக்கும், துடைத்தால் கண்ணாடியில் கோடு விழும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். மண்டபத்தில் நல்ல தண்ணீர் சும்மா கிடைக்கிற பொருளில்லை. வண்டிக்கு ஒரு குடம் கொடுப்பது அன்று பெரிய உபகாரம்.

சரி, தீவுக்குள் கார் போனதா? போனது. சாலையில்லாத இடத்துக்கு வண்டி போக ரயிலும் படகும்தான் வழி, பெரும்பாலும் ரயில்தான். மீட்டர் கேஜ் சரக்கு ரயிலில் பக்கச் சுவர் இல்லாத தட்டை வேகன் ஒன்றைக் கேட்டு வாங்கி, சரக்கு மேடையிலிருந்து பலகை போட்டு வண்டியை ஏற்றுவார்கள். அப்பா இரண்டு முறை ஏற்றியிருக்கிறார். முன்னும் பின்னும் சக்கரத்துக்குக் கட்டை, கை பிரேக், முதல் கியர், நான்கு மூலையிலும் தேங்காய் நார்க் கயிறு. கயிற்றைக் கட்டிக் கொடுத்தது துறைமுகத்தில் படகு கட்டுகிற ஆள். ரயில்வேக்காரர்களின் முடிச்சில் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. வேகன் பாலத்தில் ஊரும்போது அப்பா பின்னால் பயணிகள் வண்டியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே காரையே பார்த்துக்கொண்டு போனாராம். காற்று அடித்தால் ஸ்பிரிங் மேல் வண்டி அசைவது தெரியும் என்பார். மோட்டார் சைக்கிள் என்றால் இவ்வளவு பாடில்லை, பெட்ரோலை வடித்துவிட்டு பார்சலாகப் போட்டுவிடலாம்.

ஆக, தீவில் ஓடிய வண்டி ஒவ்வொன்றும் இப்படிச் செலவும் சிரமமும் பட்டுப் போனது. போனது திரும்பவில்லை. பழுதானால் மதுரைக்குக் கொண்டுபோக முடியாது, அங்கேயே சரி பண்ண வேண்டும். ரயிலடியிலிருந்து கோயிலுக்கு ஜனங்களைக் கொண்டுபோனது குதிரை வண்டிகள்தான். மற்ற ஊர்களில் ஜட்கா ஓய்ந்த பிறகும் ராமேஸ்வரத்தில் நீடித்ததற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இனி பழைய கதைக்குப் போகலாம். நம் பக்கத்து மோட்டார் வரலாறு மதுரையில் தொடங்குகிறது என்று சொன்னால் அதில் தப்பில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911ல் தொடங்கிய நிறுவனம் பேருந்து ஓட்டத்தை ஒரு முறையான தொழிலாக்கியது. மாட்டு லாடமும் ஆணியும் சிதறிக் கிடந்த சாலையில் டயர் பஞ்சரைச் சமாளிக்க, காந்தம் மாட்டிய வண்டியை ஓட்டி ஆணிகளை எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுக் கலன் செய்து பேருந்துகளை ஓட்டினார்கள்.

அப்பா 1928ல் பிறந்தவர். போர்க் காலத்தில் ராமநாதபுரம் பக்கம் ஓடிய ஒரு கரிவாயு பஸ்ஸில் கிளீனர் பையன். வண்டியின் பின்னால் ஆளுயர உருளை ஒன்று இருக்கும். அதில் மரக்கரியைக் கொட்டி, காற்றை அளவாக விட்டு அரைகுறையாக எரிய வைத்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதை வடிகட்டிக் குளிரவைத்து எஞ்சினுக்குக் கொடுத்தால் எரியும். ஆனால் அந்த வாயுவில் பாதிக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன். அதனால் பெட்ரோலில் கிடைக்கிற சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கரியைப் பற்றவைத்து, கையால் சுற்றும் ஊதுகுழாயை அரை மணி நேரம் சுற்ற வேண்டியது அப்பாவின் வேலை. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். எங்கள் பக்கம் மேடே கிடையாது, அது ஒரு வசதி. அப்பாவின் வலது தோள் கடைசி வரை இடது தோளைவிடப் பருத்திருந்தது. அது அந்த ஊதுகுழாய் கொடுத்தது என்று பெருமையாகச் சொல்வார்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்த ஜீப்புகளும் செவர்லே, டாட்ஜ் டிரக்குகளும் ஏலத்துக்கு வந்து, நாடெங்கும் லாரியாகவும் பஸ்ஸாகவும் மாறின. பிறகு சென்னையிலேயே பாகங்களைச் சேர்த்து வண்டி பூட்ட ஆரம்பித்தார்கள். எண்ணூரில் 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955ல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி வான்கார்டு காரில் தொடங்கி, 1961ல் ஹெரால்டுக்கு வந்தது. அம்பாசடர் கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவிலிருந்தும் பியட் பம்பாயிலிருந்தும் வந்தன. ஹெரால்டு மட்டும்தான் நம்ம ஊர்க் கார் என்று அன்று எனக்கு ஒரு பாசம். இன்றும் அது குறையவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ஆர்.சி. புத்தகத்தில் ராமநாதபுரம் மாவட்டம் என்று பார்த்ததும் அது கடற்கரை வண்டி என்று முடிவு கட்டாதீர்கள். 1910ல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் காரைக்குடி, தேவகோட்டை, விருதுநகர், சிவகாசி எல்லாம் அடக்கம். 1985ல்தான் அது மூன்றாகப் பிரிந்தது. இன்றைய கணக்கில் சொன்னால் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மூன்று மாவட்டமும் சேர்ந்தது பழைய ராமநாதபுரம். செட்டிநாட்டு வீடுகளில் நின்ற பெரிய பெரிய கார்களின் படங்களை எடுத்துக்கொண்டு "ராம்நாட்டுக் கார்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான வண்டிகள்தான், எனக்கும் ஆசைதான். ஆனால் அவை செம்மண் காட்டில், காற்றோட்டமான கொட்டகையில் நின்றவை. கடற்கரை வண்டி பட்ட பாடு வேறு.

அந்தப் பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடல் உப்பு வெறும் சோற்றுப்பு மட்டும் அல்ல, அதில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மெக்னீசியம் குளோரைடு அதில் பாதிக்கும் குறைவான ஈரத்திலேயே இழுக்கும். எனவே மழையே இல்லாத மாதத்திலும் வண்டியின் அடிவயிறு ஈரமாகவே இருக்கும். பெயிண்டில் ஒரு கீறல் இருந்தால் குளோரைடு அதன் வழியே புகுந்து, மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகட்டைத் தின்றுவிடும். ஆடி மாதக் கச்சான் காற்று அடிக்கும்போது இந்த உப்போடு மணலும் சேர்ந்து வந்து பெயிண்டையே உரிக்கும். காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தன் அரிப்பு ஆய்வுக்கு மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்தது சும்மா இல்லை. இரும்பைச் சீக்கிரம் அரிக்கிற காற்று வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

அம்பாசடருக்குத் தனிச் சட்டம், அதாவது சேசிஸ், கிடையாது, உடம்பே சட்டம். மற்ற ஊர்களில் அது அதன் பலம், எங்கள் ஊரில் அதுவே பலவீனம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி முதலில் போகும். பிறகு ஜாக்கி வைக்கிற இடம், பிறகு டிரைவர் காலடி. முன்பக்கத்தில் ஸ்பிரிங் வேலை செய்கிற முறுக்குக் கம்பி, டார்ஷன் பார் என்பார்கள், அது போய் மாட்டுகிற குறுக்குச் சட்டம் வரை துரு வந்துவிட்டால் அந்த வண்டியை மறந்துவிடலாம். அப்பா வைத்திருந்த மருந்து மிக எளியது. மாதம் ஒருமுறை வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, கழிவு ஆயிலைத் தென்னந்தும்பால் அடியெங்கும் பூசுவார். படகுக்காரர்கள் மீன் எண்ணெய் பூசுவதைப் பார்த்து அதையும் ஒருமுறை செய்து பார்த்தார். துருவை நன்றாகவே நிறுத்தியது. ஆனால் அந்த வாடையில் ஒரு வாரம் யாரும் சவாரிக்கு ஏறவில்லை, அதனால் மறுபடி கழிவு ஆயிலுக்கே வந்துவிட்டார்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு வந்த புயல் பற்றி எல்லோருக்கும் தெரியும். தனுஷ்கோடி போனது, பாசஞ்சர் ரயில் போனது, பாலத்தின் கர்டர்கள் போயின. அப்போது எனக்கு ஆறு வயது. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். தனுஷ்கோடிக்கு ரயில் மட்டும் திரும்பி வரவே இல்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடத் தொடங்கியது. அந்தப் புயலைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு வண்டிகளுக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ரயில் நின்றதால் தனுஷ்கோடிக்குப் போக மணல்தான் வழி. மண்ணில் ஓட்டத் தெரிந்த ஒரு தனி டிரைவர் கூட்டம் அங்கே உருவானது. முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடியும். அங்கிருந்து ஜீப்பும் வேனும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மணலிலும் அலை ஓரத்திலுமாகப் போகும். டயர் காற்றைப் பாதியாக இறக்குவார்கள். காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் பரந்து அமரும், பாரம் பரவும், வண்டி மணலைத் தோண்டாமல் மிதந்து போகும். நடுவில் நிறுத்தக்கூடாது, கியர் மாற்றத் தயங்கக்கூடாது, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக்கூடாது. சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கிறவன் புதியவன் என்று அர்த்தம். பழகியவன் இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரித்துவிட்டு, பனைமட்டையைக் கீழே கொடுத்து நகர்த்துவான். ஈர மணல் கெட்டியாக இருக்கும் என்று அலைக்குள் இறங்குவதும் உண்டு. ஆனால் எந்த நேரத்தில் எந்த இடம் கெட்டி என்பது நீரோட்டம் பார்த்துத் தெரிய வேண்டும். அதனால் நல்ல டிரைவர்களில் பலர் கடலுக்குப் போன வீட்டுப் பிள்ளைகள். அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017ல் திறந்ததும் அந்த வேன்களுக்கு வேலை இல்லாமல் போனது. இன்று எந்தக் காரும் ஏசி போட்டுக்கொண்டு முனை வரை போய்த் திரும்பலாம். சாலை வந்தது நல்லதுதான், அங்கே வாழ்கிற மீனவக் குடும்பங்களுக்கு அது தேவை. ஆனால் அந்த மணல் டிரைவர்களிடம் உட்கார்ந்து அவர்கள் கற்றதை யாராவது எழுதி வாங்கினார்களா? வாகன வரலாறு என்று நாம் தேட வேண்டியது அவர்களிடம்தான் இருக்கிறது.

இனி, நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நம் கடற்கரையில் மோட்டார் வரலாறு சாலையோடு நிற்பதில்லை, கடலுக்குள்ளும் போகிறது. கேரளத்தில் 1952ல் தொடங்கிய இந்திய நார்வே மீன்பிடித் திட்டம் அறுபதுகளில் மண்டபத்துக்கும் வந்தது. விசைப்படகு பரவியது. அந்தப் படகுகளில் பலவற்றில் உறுமுவது அசோக் லேலண்ட் எஞ்சின். சாலையில் லாரியை இழுக்கிற அதே குடும்பத்து டீசல் எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார்கள். ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றும், அதைக் கடல் தண்ணீர் வெளியே இருந்து குளிரவைக்கும். கியர் பெட்டியில் முன், பின், நியூட்ரல் மட்டும். லாரி எஞ்சின் ஏறி இறங்கி ஓடும், இடையிடையே மூச்சு வாங்கும். படகு எஞ்சினோ வலையை இழுத்துக்கொண்டு இரவெல்லாம் ஒரே பாரத்தில் ஓடும். ஆகவே தேய்மானம் வேறு இடத்தில் வரும், சத்தமும் வேறு.

எனவே ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் லாரி பிட்டர், படகு பிட்டர் என்று இரண்டு ஆள் கிடையாது. ஒரே ஆள்தான். காலையில் லேத்துப் பட்டறையில் காரின் பிரேக் டிரம்மைக் கடைந்தவர் சாயங்காலம் படகுக்குத் தண்டு நிமிர்த்துவார். படகு கட்டுகிற ஓடாவி ஒருவர்தான் எங்கள் வேனின் மரத் தளத்தை மாற்றிக் கொடுத்தார். பலகை இடுக்கில் பஞ்சு அடைத்து, படகுக்கு அடைப்பது போல அடைத்தார். வேனுக்குள் ஒரு பொட்டுத் தண்ணீர் ஏறியதில்லை. எந்த வாகன நூலிலும் வராத தொழில்நுட்பம் இது. மதுரையிலோ கோவையிலோ இப்படி ஒரு கைமாற்றம் நடக்க வாய்ப்பே இல்லை. "நம் கடற்கரைக்குத் தனி வரலாறு உண்டா" என்று கேட்டீர்களே தம்பி, இதுதான் அது.

இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். டிவிஎஸ் 50. ஓசூரில் 1980ல் வந்த இந்த இரண்டு பேர் ஏறும் மொபெட் நம் கரையில் மீன் வியாபாரத்தையே மாற்றியது. கூடையைத் தலையில் வைத்து நடந்தவர்களும் சைக்கிளில் கட்டிப் போனவர்களும் பின்னால் மீன் பெட்டி கட்டிய மொபெட்டில் உள்ளூர்க் கிராமங்கள் வரை போக முடிந்தது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி பின்சக்கர ரிம் ஒரே வருடத்தில் போகும். மாற்றிப் போட்டு ஓட்டுவார்கள். கார் சேர்ப்பவர்கள் இந்த வண்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் மாவட்டத்து வண்டி என்று ஒன்றைக் காட்சிக்கு வைக்கச் சொன்னால் நான் மீன் பெட்டி கட்டிய டிவிஎஸ் 50ஐத்தான் வைப்பேன்.

1988க்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 2,345 மீட்டர் சாலைப் பாலம் திறந்த வாரமே அப்பாவும் நானும் எங்கள் அம்பாசடரில் அதைக் கடந்தோம். பாதியில் நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கீழே ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கட்டை வைக்காம, கயிறு கட்டாம வந்துட்டோம்டா" என்றார். அதற்குப் பிறகு மண்டபத்தில் கார் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. மரத்தடி காலியானது. டிரைவர்கள் இறங்கிப் பேசுகிற ஊராக இருந்தது, ஹாரன் அடித்துத் தாண்டுகிற ஊராகிவிட்டது. அதற்கப்புறம் மாருதி வேன், மெட்டடோர், சுமோ, டெம்போ டிராவலர் என்று மற்ற யாத்திரைத் தலங்களில் வந்ததெல்லாம் இங்கும் வந்தது.

இனி உங்கள் ஹெரால்டு. முதலில் கதவை எண்ணுங்கள். நான்கு கதவு என்றால் அது அறுபதுகளின் கடைசியில் வந்த மார்க் 3. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான், நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்தது. இரண்டு கதவு என்றால் அதற்கு முந்தியது, 948 சிசி எஞ்சின். எதுவாக இருந்தாலும் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். உப்புக் காற்று தின்ற துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். முன்பக்கம் முழுவதும் பேனட்டோடு முன்னால் சாயும், எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கீழக்கரைத் தெருக்களில் உங்கள் தாத்தா இதை வாங்கியதன் காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

யார் சொன்னாலும் உடனே பேட்டரி மாட்டி செல்ஃப் அடிக்காதீர்கள். இருபது வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் விட்டு ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், டாங்கைக் கழற்றிக் கழுவுங்கள். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதிது. இதில் கஞ்சத்தனம் கூடாது.

அடுத்தது சட்டம். ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் இரும்பு, மொத்தென்றால் துரு. நடுச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத்தான் முதலில் பாருங்கள். மண்ணும் உப்பும் தங்கி அவைதான் அழுகும். அவற்றை வெட்டிப் புதிதாகச் செய்து ஒட்ட வைக்க நம் ஊர்ப் படகுப் பட்டறை வெல்டர்களே போதும், தடித்த தகட்டில் அவர்களுக்குக் கை பழகியிருக்கும். ஒன்று மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். வெட்டுவதற்கு முன்னால் கதவு இரண்டும் மூடி, இடைவெளி சரியாக இருக்கும்படி குறுக்குக் கம்பி கொடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு மூடாது.

முன்சக்கரத்தின் கீழ்மூட்டு, டிரனியன் என்பார்கள், பித்தளை போல மஞ்சளாக இருக்கும். அதற்குக் கிரீஸ் அடிக்கக்கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். இதைத் தெரியாத மெக்கானிக்குகள் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் போகாது. உள்ளே தண்ணீர் தங்கி, துருப்பிடித்து, ஒருநாள் ஓடும்போதே மூட்டு முறிந்து சக்கரம் மடங்கும். நான் இளம் வயதில் ஆசையாக வாங்கிய ஹெரால்டு உச்சிப்புளி பக்கத்தில் இப்படித்தான் சாய்ந்தது. வேகம் குறைவாக இருந்ததால் ஆள் தப்பித்தேன். உங்கள் வண்டியில் அந்த மூட்டு இரண்டையும் பார்க்காமலே மாற்றுங்கள்.

காகிதம். தாத்தாவின் ஆர்.சி. இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஹெரால்டு 1971 வாக்கில் நின்றுவிட்டது, ஆக இருக்கிற ஹெரால்டு எல்லாமே 50 வயதைத் தாண்டியவை. 2021ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, பெரிதாக எதுவும் மாற்றப்படாத சொந்த வாகனத்தைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். பாம்பன் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் வழக்கமான பதிவைப் புதுப்பிக்க வழி இருக்கிறதா என்று முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

வண்டியைத் தொடுவதற்கு முன் இன்னொரு வேலை. டேஷ்போர்டு பெட்டிக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் கிடக்கிற எதையும் எறியாதீர்கள். பெட்ரோல் பில், பஞ்சர் கடைச் சீட்டு, ரயில்வே பார்சல் ரசீது, எல்லாம் வேண்டும். உங்கள் தாத்தா கீழக்கரையிலிருந்து தீவுக்கு அந்தக் காரைக் கொண்டுபோயிருந்தால் அதற்கு வேகன் ரசீது இருந்திருக்கும். எழுபது வருடமாக எத்தனையோ வண்டி ரயிலேறியிருக்கிறது. நான் இத்தனை வருடம் தேடியும் அப்படி ஒரு ரசீது கையில் கிடைக்கவில்லை. அப்பா வைத்திருந்தது புயலில் போன பெட்டியோடு போய்விட்டது. உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கல்யாண ஆல்பங்களையும் புரட்டுங்கள். மாப்பிள்ளை ஊர்வலப் படத்தில் பின்னால் நிற்கும் காரின் நம்பர் தெரிந்தால் அதுவும் எனக்கு வேண்டும்.

கடைசியாக நாள் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறிவிடும், எல்லா எஞ்சினும் பிரிந்து கிடக்கும், லேத்துக்காரரும் வெல்டரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சட்ட வேலையை அதற்கு முன் முடித்துவிட வேண்டும். தை பிறந்ததும் வண்டியைக் கொட்டகையிலிருந்து தள்ளி வெளியே எடுங்கள். நான் சுத்தியலோடு வருகிறேன்.